வில்லனிடம் பேசியே ஜெயிக்கலாம்: பழைய ஆர்பிஜி கேம்களில் இருந்த சுதந்திரம் புதிய கேம்களில் குறைந்தது ஏன்?

அணு ஆயுதப் போரில் உலகம் அழிந்துவிட்டது. உயிர் பிழைத்தவர்களின் வாரிசுகள் நிலத்தடிப் பதுங்கு அறைகளில் வாழ்கிறார்கள். அதில் ஒன்றில், குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் சிப் பழுதாகிவிடுகிறது. வெளியே போய் வேறு சிப் கொண்டுவரும்படி ஒருவரை அனுப்புகிறார்கள். கெடு 150 நாட்கள்.

1997-ல் வெளிவந்த 'ஃபால்அவுட்' என்ற கம்ப்யூட்டர் கேம் இப்படித்தான் தொடங்குகிறது. அந்தக் கெடு சும்மா கதைக்காகச் சொன்னது இல்லை. கேமுக்குள் நாட்கள் நிஜமாகவே ஓடும். ஊர் ஊராகச் சுற்றி நாளைக் கழித்தால் ஆட்டம் முடிந்துவிடும். அனுப்பியவர்கள் தண்ணீர் இல்லாமல் செத்துப்போவார்கள்.

அதே வரிசையில் 18 ஆண்டுகள் கழித்து, 2015-ல் 'ஃபால்அவுட் 4' வந்தது. இதில் கதாநாயகரின் கைக்குழந்தையைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். பதறிப்போய்த் தேட வேண்டிய பெற்றோர், அதை விட்டுவிட்டு வீடு கட்டலாம், தோட்டம் போடலாம், ஊர்க்காரர்களுக்குக் கட்டில் செய்து கொடுக்கலாம். எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை. குழந்தையின் கதை நின்ற இடத்திலேயே காத்திருக்கும்.

இந்த இரண்டில் எது விளையாடுபவருக்கு அதிக சுதந்திரம் தருகிறது? பார்த்த உடனே இரண்டாவதுதான் என்று தோன்றும். ஆனால் ஆர்பிஜி ரசிகர்களில் ஒரு பெரிய கூட்டம் பல ஆண்டுகளாக முதலாவதுதான் என்று வாதாடிக்கொண்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் அமேசான் பிரைம் வீடியோவில் 'ஃபால்அவுட்' வெப் சீரிஸ் வந்த பிறகு இந்தக் கேம்களைத் தேடிப்போன புதியவர்களும் இந்த விவாதத்தில்தான் போய் விழுந்தார்கள்.

'பிளேயர் ஏஜென்சி' அப்படின்னா என்ன?

ஆர்பிஜி என்பது ரோல் பிளேயிங் கேம். விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அந்தப் பாத்திரமாகவே கதைக்குள் நடந்துகொள்ளும் வகை. சண்டை, பயணம், பேச்சு மூன்றும் கலந்திருக்கும்.

இதில் 'பிளேயர் ஏஜென்சி' என்று கேம் வடிவமைப்பாளர்கள் சொல்வது, விளையாடுபவர் எடுக்கும் முடிவுக்கு அந்த உலகத்தில் உள்ள மரியாதையை. ஒரு கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று கேட்பது மட்டும் ஏஜென்சி ஆகாது. திறந்ததால் ஒன்று நடக்க வேண்டும், திறக்காததால் இன்னொன்று நடக்க வேண்டும். எதைச் செய்தாலும் கதை ஒரே இடத்தில் வந்து நின்றால், கேட்ட கேள்விக்கே அர்த்தம் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். 'எங்கே வேண்டுமானாலும் போகலாம்' என்பது ஒரு சுதந்திரம். 'செய்தது எதுவாக இருந்தாலும் அது கணக்கில் வரும்' என்பது வேறொரு சுதந்திரம். விளம்பரங்களில் இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இன்றைய பெரிய கேம்கள் முதலாவதைத் தாராளமாகத் தருகின்றன. சண்டை எல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான்.

மேஜையில் தொடங்கிய கதை

இந்த வகைக்கு வேர் கம்ப்யூட்டரில் இல்லை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேஜை விளையாட்டில் இருக்கிறது. நண்பர்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் மட்டும் கதையை நடத்துபவர். மற்றவர்கள் பாத்திரங்கள். பகடை உருட்டி முடிவு காண்பார்கள்.

"அரண்மனைக் காவலனைக் கொல்லாமல், அவனிடம் நான் பால்காரன் என்று சொல்லி உள்ளே போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதை நடத்துபவர் கொஞ்சம் யோசித்து, "சரி, பகடையை உருட்டு" என்பார். அவர் மனிதர். எதிர்பாராத யோசனைக்கு அங்கேயே பதில் கண்டுபிடிக்க முடியும்.

கம்ப்யூட்டருக்கு அது முடியாது. பால்காரன் வேஷம் போட வேண்டுமென்றால், அப்படி ஒருவர் யோசிக்கக்கூடும் என்று முன்கூட்டியே ஒரு எழுத்தாளர் நினைத்து, அதற்கான வசனத்தை எழுதி, ஒரு புரோகிராமர் அதைச் சேர்த்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆர்பிஜியின் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தேர்வும் யாரோ ஒருவரின் உழைப்பு. பெரும்பாலானவர்கள் பார்க்கவே போகாத உழைப்பு.

ஆரம்ப கால கம்ப்யூட்டர் ஆர்பிஜிகள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று குகைக்குள் இறங்கிச் சண்டை போடுவதோடு நின்றுகொண்டன. 1981-ல் வந்த 'விசார்ட்ரி' அப்படிப்பட்டதுதான். பழைய கேம் என்றாலே தேர்வுகள் நிறைந்தது என்று நினைப்பது சரியில்லை.

திருப்பம் தந்த கேம்களில் ஒன்று, ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய 'அல்டிமா 4'. ஆண்டு 1985. இதில் கடைசி வில்லன் என்று யாரும் கிடையாது. எட்டு நற்பண்புகளை வளர்த்துக்கொள்வதுதான் இலக்கு. மந்திரப் பொருட்கள் விற்கும் கடைக்காரர் ஒருவருக்குப் பார்வை இல்லை. பொருளை வாங்கிவிட்டு, எவ்வளவு காசு கொடுக்க வேண்டும் என்பதை விளையாடுபவரே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவர் வாங்கிக்கொள்வார். யாரும் திட்ட மாட்டார்கள், எச்சரிக்கை எதுவும் வராது. நேர்மைக்கான அளவு மட்டும் உள்ளே சத்தமில்லாமல் குறைந்துவிடும். அது தெரியவருவதற்குள் பல மணி நேரம் ஓடியிருக்கும்.

ஜப்பானில் வேறு பாதை. 1986-ல் யூஜி ஹோரி வடிவமைத்த 'டிராகன் குவெஸ்ட்' கேமில், காப்பாற்றப்பட்ட இளவரசி "என்னையும் அழைத்துப் போவாயா?" என்று கேட்பார். 'இல்லை' என்று சொன்னால் மறுபடியும் அதே கேள்வி. 'ஆமாம்' என்று சொல்லும்வரை விட மாட்டார். போலித் தேர்வுக்கு உதாரணமாக இன்றுவரை இந்த இளவரசியைத்தான் இழுக்கிறார்கள். ஆனால் அதே கேமின் கிளைமாக்ஸில் அரக்கர் தலைவன், "என்னோடு சேர்ந்துகொள், பாதி உலகம் உனக்கு" என்பான். ஆசைப்பட்டு 'ஆமாம்' என்று சொன்னால் கதை அதோடு முடிந்துபோகும். அந்த ஒரு இடத்தில் கேம் விளையாடவில்லை.

வில்லனைத் தோற்கடிக்க மூன்று வழிகள்

சரி, 1997-க்குத் திரும்புவோம். 'ஃபால்அவுட்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

டிம் கெய்ன் தலைமையில் இன்டர்பிளே நிறுவனத்தில் உருவான இந்தக் கேமின் வில்லனுக்குப் பெயர் 'மாஸ்டர்'. மனிதர்களை ஒரு ரசாயனக் குழம்பில் முக்கி, கதிர்வீச்சைத் தாங்கும் புது இனமாக மாற்றிக்கொண்டிருக்கிறான். அழிந்துபோன பூமியில் இனி வாழத் தகுதியானவர்கள் இவர்கள்தான், எல்லோரும் ஒரே இனமாகிவிட்டால் போரே இருக்காது என்பது அவன் நம்பிக்கை.

அவனைச் சண்டை போட்டுக் கொல்லலாம். அவன் இருக்கும் கட்டடத்தின் அடியில் உள்ள அணுகுண்டை இயக்கிவிட்டு ஓடிவிடலாம். மூன்றாவது வழிதான் முக்கியம். அந்தப் புது இனத்தால் குழந்தை பெற முடியாது என்ற உண்மையை விளையாடுபவர் முன்பே கண்டுபிடித்திருந்தால், ஆதாரத்தைக் காட்டி மாஸ்டரிடம் பேசலாம். தன் திட்டம் ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும் என்று தெரிந்ததும் அவன் நொறுங்கிப்போய், தன் கோட்டையைத் தானே அழித்துக்கொள்வான். கடைசிக் கட்டத்தில் ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்காது.

இன்னொன்றும் உண்டு. பாத்திரத்தை உருவாக்கும்போது புத்திசாலித்தனத்துக்கு மிகக் குறைவாக மதிப்பெண் கொடுத்தால், அந்தப் பாத்திரத்தால் ஒழுங்காகப் பேசவே முடியாது. முனகல்தான் வரும். ஊர்க்காரர்கள் பரிதாபப்படுவார்கள் அல்லது விரட்டுவார்கள். பல வேலைகள் கிடைக்கவே கிடைக்காது. கேமின் வசனங்களில் ஒரு பகுதியை இதற்காகவே தனியாக எழுதியிருக்கிறார்கள். விளையாடுபவர்களில் எத்தனை பேர் வேண்டுமென்றே முட்டாளாக விளையாடப்போகிறார்கள்? ஆனாலும் எழுதினார்கள்.

தேடிவந்த அந்தச் சிப்பும் லேசில் கைக்கு வராது. நெக்ரோபோலிஸ் என்ற பாழடைந்த நகரத்தில், கதிர்வீச்சில் உருக்குலைந்துபோன மனிதர்களின் குடிநீரே அந்தச் சிப்பை நம்பித்தான் இருக்கிறது. அங்குள்ள பம்ப்பைப் பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டு சிப்பை எடுக்கலாம். பார்க்காமலும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். கேம் தடுக்காது. ஆனால் தன் ஊரின் தாகத்தைத் தீர்க்க இன்னொரு ஊரைத் தவிக்கவிட்டது மிச்சம்.

கதையின் முக்கிய ஆளையே கொன்றால்?

2002-ல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'மாரோவிண்ட்' வேறு விதமான துணிச்சல் காட்டியது. இது 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் மூன்றாவது கேம். கதைக்கு மிகவும் அவசியமான பாத்திரத்தைக்கூட இதில் கொல்ல முடியும். கொன்றால் திரையில் ஓர் அறிவிப்பு வரும். விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவுக்குத் திரும்பிப் போ, இல்லையென்றால் நீயே உண்டாக்கிய இந்தக் கெட்டுப்போன உலகத்தில் தொடர்ந்து இரு என்ற அர்த்தத்தில்.

அதோடு முடியவில்லை. அந்த நாட்டின் தெய்வமாகக் கும்பிடப்படும் விவெக்கையே கொன்றுவிட்டாலும், கதையை முடிக்க ஒரு புறவாசல் வைத்திருக்கிறார்கள். அழிந்துபோன ஓர் இனத்தின் கடைசி ஆளைத் தேடிப்பிடித்தால், தெய்வத்தின் உதவி இல்லாமலே தேவையான மந்திரக் கையுறையைச் சரிசெய்து தருவார். அதை முதல் தடவை அணியும்போது உடலின் உயிர்ச்சக்தியில் ஒரு பங்கு நிரந்தரமாகப் போய்விடும். அவசரப்பட்டவருக்கும் வழி உண்டு, ஆனால் விலை உண்டு.

வழி கண்டுபிடிப்பதும் விளையாடுபவர் பொறுப்புதான். 'ஆற்றைத் தாண்டி வடக்கே போ, இரட்டைப் பாறை வந்ததும் கிழக்கே திரும்பு' என்கிற மாதிரி யாராவது சொல்வார்கள். அது நாட்குறிப்பில் பதிவாகும். அவ்வளவுதான். சில சமயம் சொன்னவரே தப்பாகச் சொல்லியிருப்பார்.

2006: என்ன மாறியது?

அடுத்த கேமான 'ஆப்லிவியன்' 2006-ல் வந்தபோது மூன்று விஷயங்கள் ஒன்றாக மாறின. எல்லாப் பாத்திரங்களும் குரல் கொடுத்துப் பேசின. போகவேண்டிய இடத்தைத் திசைகாட்டியில் ஒரு குறி காட்டியது. கதைக்கு அவசியமான பாத்திரங்களை எவ்வளவு வெட்டினாலும் சாக மாட்டார்கள். மயங்கி விழுந்து, கொஞ்ச நேரத்தில் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே வசதிகள். சேர்ந்து செய்த வேலை வேறு.

முதலில் குரல். 'மாரோவிண்ட்' காலத்தில் ஒரு வசனத்தை மாற்ற எழுத்தாளர் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் போதும். குரல் வந்த பிறகு நடிகரை மறுபடி ஸ்டுடியோவுக்கு அழைக்க வேண்டும், உதட்டசைவைச் சரிசெய்ய வேண்டும், டப்பிங் செய்யும் ஒவ்வொரு மொழியிலும் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். 1999-ல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' கேமில் சுமார் 8 லட்சம் சொற்கள் இருந்ததாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி வெறும் எழுத்து. அத்தனையையும் நடிக்க வைக்க அன்றைக்கு யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். 'ஆப்லிவியன்' கேமில் பேரரசருக்குக் குரல் கொடுத்தவர் ஹாலிவுட் நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட். அவ்வளவு செலவு செய்து பதிவான குரலை நூற்றில் ஐந்து பேர் மட்டுமே கேட்கும்படி ஒரு மூலையில் வைக்க எந்தத் தயாரிப்பாளருக்கு மனசு வரும்?

இரண்டாவது, அந்தக் குறி. அதை வேண்டாதவர்கள் அணைத்துவிட்டு விளையாடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேதான் சிக்கல். திசைகாட்டி வழி சொல்லிவிடும் என்று தெரிந்த பிறகு, வசனம் எழுதுபவர் வழி சொல்வதையே நிறுத்திவிடுகிறார். "அந்தக் குகைக்குப் போ" என்று மட்டும் சொல்வார்கள். எந்தக் குகை, எந்தப் பக்கம் என்பது வசனத்தில் இருக்காது. குறியை அணைத்தால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான்.

இதோடு எதிரிகளின் பலத்தை விளையாடுபவரின் லெவலுக்கு ஏற்றபடி ஏற்றும் முறையும் சேர்ந்துகொண்டது. எங்கே போனாலும் சமபலம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லெவல் ஏறிய பிறகு, ஒரு மாளிகையே வாங்கக்கூடிய விலையுள்ள கவசத்தைப் போட்டுக்கொண்டு சாலையில் நிற்கும் வழிப்பறிக்காரன், 100 தங்கக் காசு கொடு என்று மிரட்டுவான். ரசிகர்கள் இன்றும் சிரிக்கும் காட்சி இது.

2011-ல் வந்த 'ஸ்கைரிம்' அந்தப் பாதையின் உச்சம். அழகான, பிரம்மாண்டமான மேப். விற்பனையிலும் பெரும் வெற்றி. ஒரே ஆள் போர்வீரர் சங்கத்துக்கும், திருடர் சங்கத்துக்கும், கொலையாளிகள் சங்கத்துக்கும் தலைவராகலாம். கைப்பிடி அளவு மந்திரம் மட்டும் தெரிந்துகொண்டு மந்திரவாதிகள் கல்லூரிக்கே தலைவராகிவிடலாம். எந்தக் கதவும் மூடாது. எல்லாக் கதவும் திறந்தே இருந்தால், ஒன்றைத் திறந்ததற்குத் தனி மதிப்பு என்ன என்பதுதான் விமர்சகர்களின் கேள்வி.

கப் கேக் அனுப்பிய ரசிகர்கள்

பயோவேர் நிறுவனத்தின் 'மாஸ் எஃபெக்ட்' 2007-ல் வந்தது. கதாநாயகர் ஷெப்பர்டுக்கே குரல் உண்டு. பேச வேண்டியதைச் சுருக்கமாக ஒரு சக்கரத்தில் காட்டுவார்கள், தேர்ந்தெடுத்தால் ஷெப்பர்டு முழு வசனத்தையும் பேசுவார். சினிமா பார்ப்பது மாதிரி இருக்கும். ஒரு பாகத்தில் எடுத்த முடிவு அடுத்த பாகத்துக்கும் தொடரும் என்பதுதான் பெரிய ஈர்ப்பு. யாரைக் காப்பாற்றினோம், யாரைச் சாகவிட்டோம் என்பதை மூன்று கேம்களிலும் சுமந்துகொண்டு போனார்கள் ரசிகர்கள்.

2012 மார்ச்சில் மூன்றாவது பாகம் வந்தது. ஐந்து ஆண்டு முடிவுகள் எல்லாம் சேர்ந்து, கடைசியில் சில நிமிடக் காட்சிகளாகச் சுருங்கின. எந்த முடிவைத் தேர்ந்தெடுத்தாலும் வெடிப்பின் நிறம் மட்டும்தான் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறுவது போல இருந்தது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு குழு பணம் திரட்டி, அதே மூன்று நிறங்களில் சுமார் 400 கப் கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பியது. நிறம் மூன்று, ருசி ஒன்றே. அந்த ஆண்டு ஜூனில் முடிவுக் காட்சிகளை நீட்டித்து இலவசப் பதிப்பு ஒன்றை பயோவேர் வெளியிட்டது.

இது வெறும் ரசிகர் கோபம் இல்லை. ஒரு வாக்குறுதி தந்துவிட்டு அதைக் காப்பாற்ற எவ்வளவு செலவாகும் என்பதைக் கடைசியில்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு சிக்கல் 2008-ல் 'ஃபால்அவுட் 3' கேமிலும் நடந்தது. இன்டர்பிளேயிடமிருந்து உரிமம் பெற்று, பிறகு 2007-ல் அந்த வரிசையையே 57.5 லட்சம் டாலருக்கு வாங்கிய பெதஸ்டா தயாரித்தது. கிளைமாக்ஸில் கடும் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் யாராவது போக வேண்டும். போனால் சாவு. பக்கத்திலேயே ஃபாக்ஸ் என்ற தோழன் நிற்கலாம். கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது. முன்பு ஒரு முறை அதே மாதிரி அறைக்குள் அவனே போய்ப் பொருளை எடுத்து வந்து கொடுத்திருப்பான். இப்போது போகச் சொன்னால், இது உன் விதி, நான் குறுக்கே வர மாட்டேன் என்று மறுத்துவிடுவான். கதாநாயகர் தியாகம் செய்தே தீர வேண்டும் என்று கதாசிரியர் முடிவு கட்டிவிட்டார், அவ்வளவுதான். 2009-ல் வந்த 'புரோக்கன் ஸ்டீல்' என்ற கூடுதல் பகுதியில்தான் ஃபாக்ஸை உள்ளே அனுப்ப அனுமதித்தார்கள்.

சாகாத ரோபோ: ஒரு கெட்டிக்காரத் தீர்வு

யாரை வேண்டுமானாலும் கொல்ல விட்டால் கதை அறுந்துபோகும். கொல்ல விடாவிட்டால் சுதந்திரம் போகும். இந்தக் கயிற்றில் நடந்து காட்டியது, 2010-ல் அப்சிடியன் நிறுவனம் செய்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்'. இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இன்டர்பிளேயின் பழைய ஆட்கள்தான்.

இதில் பெரிய தலைவர்கள் எல்லோரையும் கொல்லலாம். நகரத்தின் முதலாளி மிஸ்டர் ஹவுஸைக் கொல்லலாம். அடிமைப் படையின் தலைவன் சீசரைக் கொல்லலாம். யாருடைய கட்சியும் வேண்டாம் என்று எல்லோரையும் பகைத்துக்கொள்ளலாம். அப்போதும் கதை முடிய வேண்டுமே? அதற்காக 'யெஸ் மேன்' என்று ஒரு ரோபோ. எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்வதற்காகவே புரோகிராம் செய்யப்பட்டது. சுட்டுப் பொசுக்கினாலும் வேறொரு இயந்திர உடலில் புகுந்து அதே சிரிப்போடு திரும்பி வரும். 'சாகாத பாத்திரம்' என்ற செயற்கையான விதிக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கேமைச் சுமார் 18 மாதங்களில் செய்து முடித்தார்கள் என்பது கூடுதல் ஆச்சரியம். வெளிவந்தபோது பிழைகள் நிறையவே இருந்தன, அதையும் மறைக்க முடியாது.

போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2007-ல் செய்த முதல் 'விட்சர்' வேறொரு தந்திரம் செய்தது. எல்ஃப் கிளர்ச்சியாளர்கள் சில பெட்டிகளை எடுத்துப்போக விடலாமா, தடுக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். விட்டுவிட்டால் அப்போது எதுவும் நடக்காது. வெகுநேரம் கழித்து, கதாநாயகருக்குத் தேவைப்படும் ஒருவர் அதே ஆயுதங்களால் கொல்லப்பட்டுக் கிடப்பார். பழைய சேவுக்குத் திரும்பி முடிவை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை முறிக்கத்தான் இந்தத் தாமதம். இரண்டாம் பாகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், யாரோடு கூட்டு சேர்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது அத்தியாயத்தையே இரண்டு விதமாகச் செய்தார்கள். ஒருமுறை மட்டும் விளையாடுபவருக்கு அதில் ஒன்று தெரியவே தெரியாது.

பழையது எல்லாம் பொன்னா?

இல்லை. 'ஃபால்அவுட்' முதல் பாகத்தில் உடன் வரும் தோழன் இயன், தானியங்கித் துப்பாக்கி கையில் கிடைத்தால் எதிரியோடு சேர்த்துக் கதாநாயகரின் முதுகையும் துளைத்துவிடுவான். குறுகலான வாசலில் தோழர்கள் வந்து நின்றுகொண்டால் வெளியே போக வழி இருக்காது. பாத்திரத்தை உருவாக்கும்போது உதவாத திறமைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வழியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதையெல்லாம் தவிர்க்கக் கேமோடு வந்த தடித்த கையேட்டைப் படிக்க வேண்டும்.

அந்த 150 நாள் கெடுவும் பலரை விரட்டியது. வேலைக்குப் போய் வந்து இரவில் ஒரு மணி நேரம் விளையாடுபவருக்கு, தலைக்கு மேல் கடிகாரம் ஓடினால் பதற்றம்தான் வரும். குறி காட்டுவதும், சாகாத பாத்திரங்களும் யாரோ சோம்பேறிகளுக்காக வந்தவை இல்லை. கன்சோல் வாங்கிய லட்சக்கணக்கான புதியவர்கள் இந்த வகைக்குள் நுழைய முடிந்தது அவற்றால்தான்.

மீண்டும் திரும்பும் காற்று

2012-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் வழியாகப் பழைய பாணி கேம்களுக்கு ரசிகர்களே பணம் போடத் தொடங்கினார்கள். 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்று பின்னால் பெயர் பெற்ற கேமுக்கு மட்டும் சுமார் 40 லட்சம் டாலர் சேர்ந்தது. பெரிய நிறுவனங்கள் செத்துவிட்டதாக நினைத்த சந்தை உயிரோடுதான் இருந்திருக்கிறது.

2019-ல் எஸ்டோனியாவைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய 'டிஸ்கோ எலிசியம்' வந்தது. மேப் ஒரே ஒரு துறைமுகப் பகுதிதான். வழக்கமான சண்டை முறையே கிடையாது. ஆனால் பலவீனமான உடலோடு பாத்திரத்தை உருவாக்கிவிட்டால், போதை தெளிந்து எழும் துப்பறிவாளர் விளக்கைப் போட்ட அதிர்ச்சியிலேயே மாரடைப்பில் சாகலாம். கேம் தொடங்கி சில நிமிடம்தான் ஆகியிருக்கும்! பகடையில் தோற்றால் கதை நிற்காது, தோல்வி தனிப் பாதையாக விரியும். பாத்திரங்களின் வசனம் முழுவதற்கும் குரல் சேர்த்த பதிப்பு 2021-ல்தான் வந்தது. முதலில் எழுதி முடித்தார்கள், பிறகு பேச வைத்தார்கள்.

2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3', செலவுக் கணக்கையே தலைகீழாக்கியது. முழுக்கக் குரல், சினிமாத்தனமான காட்சிகள், கூடவே கிளை கிளையாகப் பிரியும் கதை. அகதிகள் தங்கியிருக்கும் தோப்பைக் கொள்ளையர்களோடு சேர்ந்து தாக்கினால், கார்லாக், வில் என்ற இரண்டு முக்கியத் தோழர்கள் விட்டுப் போய்விடுவார்கள். அவர்களின் கதை, குரல், காட்சி எல்லாம் அந்த விளையாடுபவருக்கு இல்லாமல் போகும். செத்தவர்களோடு பேசும் மந்திரம் ஒன்று உண்டு. கொன்றவரே வந்து பேசினால் பிணம் பேச மறுக்கும். மந்திரத்தால் வேறு உருவம் எடுத்து வந்தால் ஏமாந்து பேசிவிடும். மேஜை விளையாட்டின் பால்காரன் வேஷம், அரை நூற்றாண்டு கழித்து கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. 2023 டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் இதற்குத்தான்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சின்னது இல்லை. 2020 அக்டோபரிலேயே முதல் அத்தியாயத்தை மட்டும் விற்கத் தொடங்கி, விளையாடுபவர்கள் என்னென்ன யோசிக்கிறார்கள் என்று கிட்டத்தட்ட மூன்று ஆண்டு கவனித்துக்கொண்டே மீதியைச் செய்தார்கள். எல்லா நிறுவனத்துக்கும் இது கட்டுப்படியாகாது. ஆனால் சின்னதாக ஒன்றைக் கவனிக்கலாம். இந்தக் கேமில் மற்ற எல்லோரும் குரல் கொடுத்துப் பேசுவார்கள், விளையாடுபவர் உருவாக்கிய பாத்திரம் மட்டும் உரையாடலில் வாய் திறக்காது. என்ன சொல்ல வேண்டுமோ அது எழுத்தாகவே வரும். அதனால்தான் பதில்களை இஷ்டம்போல் பெருக்க முடிந்தது.

'ஃபால்அவுட் 4' கேமில் கதாநாயகருக்குக் குரல் கொடுத்து, பதில்களை நான்காகச் சுருக்கிய பெதஸ்டாவும், அதே 2023-ல் வெளியிட்ட 'ஸ்டார்ஃபீல்டு' கேமில் கதாநாயகரை மறுபடி மௌனமாக்கி, முழு வசனப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது.

எதில் தொடங்கலாம்?

முதல் 'ஃபால்அவுட்' இன்றும் டிஜிட்டல் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சாதாரண லேப்டாப்பே போதும். புதியவர்கள் முதல் ஒரு மணி நேரம் திணறுவார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச்சுத் திறமைக்குக் கொஞ்சம் மதிப்பெண் ஒதுக்குவது நல்லது. இயன் கையில் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது. மாஸ்டரைப் பார்க்கப் போவதற்கு முன்னால், பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் கோட்டையில் வ்ரீ என்ற ஆய்வாளர் இருப்பார். அவரிடம் நின்று நிதானமாகப் பேசிவிட்டுப் போங்க.